பகல் சங்கும் நான்கு பானைகளும்

கிள்ளானில் என் மகன் வீட்டுக் குளியலறையில் ஓர் இரும்பு வாளி இருக்கிறது. அதன் உட்பக்கம், பாதி உயரத்தில், நீல வளையம் ஒன்று ஓடுகிறது. என் மருமகள் அதில் தண்ணீர் பிடித்துத் தரை துடைக்கிறாள். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வளையம் போகவில்லை. "பழசு லா அத்தை, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுவோம்" என்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வாள். நான் காது கேட்காதவள்போல் இருந்துவிடுவேன். வயதானால் கிடைக்கும் ஒரே வசதி அதுதான். அது துணிக்குப் போடும் நீலம்தான், ஆனால் துணிக்காகக் கரைத்ததில்லை. பாலில் கரைத்தது. பாலில் யாராவது நீலம் போடுவார்களா என்றால், நாங்கள் போட்டோம். பிரிக்ஃபீல்ட்ஸில், என் கடை வாசலில், ரயில் யார்டின் பகல் சங்கு ஊதியதும், அரசாங்க உத்தரவுப்படி போட்டோம். போட வைத்தவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதும் அவரைப் பால் இன்ஸ்பெக்டர் என்றும், முதுகுக்குப் பின்னால் சங்கு ஐயா என்றும் சொன்னது. நானும் அப்படியே சொல்கிறேன்.

ரயில்வேயில் ஆட்குறைப்பு நடந்த காலம் அது. என் வீட்டுக்காரர் பட்டறையில் பிட்டராக இருந்தவர். ஒரு சனிக்கிழமை சம்பளத்தோடு வேலை முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கிடைத்த நாளில் பாசார்ச் சந்தையில் லோரிக்கு மூட்டை ஏற்றப் போவார், கிடைக்காத நாளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் மலைப்பக்கம் இருந்த ஒரு துரையின் பால் பண்ணையிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் கடை வைக்க ஆள் தேடினார்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். லைசென்ஸ் என் பெயரில் வந்தது. எங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு மேசை, மரத்தூள் அடைத்த ஐஸ் பெட்டி, மேலே தகரக் கூரை, இவ்வளவுதான் கடை. விடியுமுன் லோரி வந்து பாட்டில்களை இறக்கிவிட்டுப் போகும். பண்ணையில் யந்திரத்தில் சூடு காட்டி உடனே குளிர வைத்து அடைத்த பால் என்பதால் ஜனங்கள் அதை மெஷின் பால் என்றார்கள். கறந்த பாலையும் காய்ச்சிய பாலையும் தெரிந்தவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்தப் பால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. மெல்ல மெல்லத்தான் பழகினார்கள்.

இந்தப் பாலுக்கு ஒரு சட்டம் இருந்தது. இன்று வந்த பாலை நாளைப் பகல் சங்கு வரைக்கும் விற்கலாம், அதற்குப் பிறகு விற்கக் கூடாது. எது இன்றையது, எது நேற்றையது என்று தெரிய அட்டை மூடியின் நிறம் நாளுக்கு நாள் மாறும், ஒருநாள் பச்சை, மறுநாள் சிவப்பு. ரயில் யார்டில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது முந்திய நாள் மூடியோடு மிஞ்சியிருக்கும் பாட்டில்களை எல்லாம் திறந்து வாளியில் ஊற்ற வேண்டும். ஊற்றி நீலம் கரைக்க வேண்டும், யாரும் எடுத்துக் குடித்துவிடாமல் இருக்க. பிறகு ஓடையில் கொட்ட வேண்டும். இதனால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் வந்தது. பதினொன்றரைக்கு மேல் முந்திய நாள் பாலைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவேன். அதற்குச் சங்குப் பால் என்று பெயர். அந்த நேரத்துக்கென்றே செம்போடு நிற்பவர்கள் இருந்தார்கள். வாங்கிப் போய் உடனே காய்ச்சிவிடுவார்கள், ஒன்றும் ஆகாது. நான் அப்படித்தான் நினைத்தேன்.

சங்கு ஐயா சங்கு ஊதும் முன்பே சைக்கிளில் வந்துவிடுவார். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் அழியாத திருநீறு, மழையோ வெயிலோ கையில் கறுப்புக் குடை. வெளியில் ஒருவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் வேறு, கேட்கவே வேண்டாம். சிரித்து நான் பார்த்ததில்லை. மேசைக்கு எதிரில் நின்று யார்டுப் பக்கம் காதை வைத்திருப்பார். சங்கு ஊதியதும், "பிள்ளை, இனி அது பால் இல்லை" என்பார். தினமும் அதே வார்த்தை. கையிலிருக்கும் பாட்டிலில் வெள்ளையாக, வாசமாக, நல்ல பாலாகவே இருக்கும். அதைப் பார்த்து இது பால் இல்லை என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டுவிட்டேன். "நல்ல பால்தானே ஐயா, ஏன் ஊத்தச் சொல்றீங்க?" என்றேன். "இப்ப நல்ல பால்தான். பின்னேரம் வைச்சுப் பருக்கிற குழந்தைக்கு நீரோ பொறுப்பு? இந்தத் தெருவாலை எத்தினை சின்னப் பெட்டி போகுது எண்டு நீர் பாக்கிறனீர்தானே" என்றார். நான் பார்க்கிறவள்தான். கல்லறைக்குப் போகும் வழி என் கடையைத் தாண்டித்தான் போகிறது. தகப்பன் ஒருவனே கையில் தூக்கிப் போகிற அளவுள்ள பெட்டிகள் அந்த வருஷங்களில் நிறையப் போயின. அதற்குமேல் நான் அவரோடு வாதாடவில்லை. ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருமுறை சங்கு ஊதி அடங்கும் நேரத்தில் ரயில்வே லைன் வீட்டுப் பெண் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். நான் பச்சை மூடி ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அது நேற்றையது. சங்கு ஐயா அவள் கையிலிருந்து அதை வாங்கினார். பிடுங்கினார் என்று சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் வாங்கினார். வாங்கி வாளியில் ஊற்றினார். பிறகு என்மேல் புகார் எழுதிவிட்டார். பண்ணையிலிருந்து மானேஜர் வந்து, இன்னொரு முறை சுகாதார இலாகாவிலிருந்து இப்படி வந்தால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலையிழந்தவர்களை இனாமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "நானும் பேரு குடுத்துட்டேன் புள்ள. கட இருக்கிற வரைக்கும் பாப்போம். கட போச்சுன்னா கப்பல்தான்" என்றார். அவருக்கு அது ஊருக்குத் திரும்புவது. தஞ்சாவூர்ப் பக்கம் அண்ணன் இருந்தார். நான் பிறந்ததே பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே லைன் வீட்டில். என் அம்மா அப்பா இருவரையும் புதைத்தது இங்கே. நான் பார்த்தே இராத ஓர் ஊருக்கு என்னைத் திருப்பி அனுப்புவதாக எல்லாரும் பேசினார்கள். போகாத ஊருக்கு எப்படித் திரும்புவது? அந்த மேசையும் ஐஸ் பெட்டியும்தான் என்னை இந்த மண்ணில் பிடித்து வைத்திருந்தன.

அப்போது தைப்பூசம் வந்தது. கடையை ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்திவிடலாம் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எத்தனையோ பெண்கள் பால்குடம் எடுத்துப் பத்துமலைக்குப் போவார்கள். அவ்வளவு பாலுக்கு எங்கே போவார்கள்? மாட்டுக்காரர்கள் அன்றைக்குத் தண்ணீரை ஊற்றித்தான் விற்பார்கள். என் பால் சுத்தமானது, அடைத்த பாட்டில். சாமிக்கு இதைவிட நல்ல பால் எது? மானேஜரிடம் சொல்லிக் கூடுதலாகப் பெட்டிகள் இறக்கச் சொன்னேன். விற்காவிட்டால் உன் பொறுப்பு என்றார், சரி என்றேன். தைப்பூசத்தன்று விடியுமுன் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மேசையைத் தூக்கிப் போட்டு, பச்சை மூடிகளை அடுக்கி வைத்து, மஞ்சள் சேலைகள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பாட்டில்கூட விற்கவில்லை. மஞ்சள் சேலைகள் வந்தன, மேசையைப் பார்த்தன, சிரித்தன, போய்விட்டன. எங்களுக்கு அடுத்த வீட்டில் சிக்னல்காரர் மனைவி இருந்தார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் தலையில் குடத்தோடு வந்தார். என் மேசையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அடிப் பாவி, அடுப்பு கண்ட பாலு சாமிக்கு ஆகாதே. அபிஷேகத்துக்குக் காய்ச்சாத பாலுதான் வேணும். என்னை ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" என்றார். எந்தச் சூட்டால் சுத்தம் என்று நம்பி வாங்கி வைத்தேனோ அந்தச் சூடுதான் அதை ஆகாததாக்கிவிட்டது. கோயில் வாசலில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிந்த விஷயம், வேதக்கார வீட்டில் பிறந்த எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில் கூப்பாடு போட்டு அழ வேண்டும்போல் இருந்தது. மேசையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த நாள் முழுவதும் யாரும் பால் வாங்க வரவில்லை. பாதி ஊர் பத்துமலையில் இருந்தது. ஐஸ் பெட்டியில் கொள்ளாத பாட்டில்களுக்கு என் வீட்டுக்காரர் பாசாரிலிருந்து ஒரு பாளம் ஐஸை ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிவந்தார். "தயிராக்கிடேன்" என்றார் போகிறபோக்கில். நல்ல யோசனைதான். சட்டம் பாலைப் பற்றித்தான் பேசுகிறது, தயிரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் உறை ஊற்ற வீட்டில் ஒரு சொட்டு மோர் இல்லை. அக்கா பத்துமலையிலிருந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. போய்க் கேட்டேன். "விளக்கு வச்சிட்டேனே. விளக்கு வச்ச வீட்லேருந்து மோரு, உப்பு வெளிய குடுக்க மாட்டோம்மா. லட்சுமி போயிடுவா. விடிஞ்சு வா, செம்பு நெறையத் தரேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் லட்சுமியை அவர் காப்பாற்றிக்கொண்டார், என்னுடையவளை நான்தான் காப்பாற்ற வேண்டும்.

விடிந்து போனால் அக்கா எழுந்திருக்கவில்லை. வெறுங்காலோடு மலையேறிய கால் வீங்கிப் படுத்திருந்தார். எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, அதற்குப் பிறகுதான் மோர் கொடுத்தார். எனக்கு ஓர் அடுப்பு. ஒரு பானைப் பாலைக் காய்ச்ச வேண்டும், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைக்க வேண்டும், உறை ஊற்ற வேண்டும், அடுத்த பானையை ஏற்ற வேண்டும். மூன்று பானை ஒவ்வொன்றாக முடிந்தது. நான்காவது பெரிய பானை, கடன் வாங்கின பானை. அதில் உறை ஊற்றி மேசைக்குக் கீழே தள்ளி, நான்கையும் ஒரே வேட்டியால் மூடிவிட்டு நிமிர்ந்தேன். சைக்கிள் மணி கேட்டது. சைக்கிளைச் சாத்தி அவர் மேசைக்கு வந்து நின்றதும் சங்கு ஊதியது.

"பிள்ளை, நேற்றைய பச்சை மூடி எங்கை?" என்றார். வெற்றுப் பாட்டில்களைக் காட்டினேன். பெட்டி பெட்டியாக இருந்தன. அவ்வளவும் விற்றது என்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு குழந்தைகூட நம்பாது. "தயிரா உறைய வச்சிருக்கேன் ஐயா" என்றேன். அவர் குனிந்து வேட்டி மூடியிருந்த பானைகளைப் பார்த்தார். பிறகு கடைக்கு வெளியே இருந்த பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்.

நான் சிவப்பு மூடி விற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. யார்டு ஆட்கள் சாப்பிட வந்து, ஒருமணிச் சங்குக்குத் திரும்பிப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. மற்ற நாட்களில் இந்நேரம் நாலு கடை தள்ளிப் போயிருப்பார். அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார். என் வீட்டுக்காரர் வந்தார், பெஞ்சைப் பார்த்தார், பானைகளைப் பார்த்தார். என் காதருகில், "போனது போகட்டும். பேரு குடுத்து வச்சது நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எலியைப் பிடித்த பூனை விளையாடுகிற மாதிரி இந்த மனுஷன் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? எழுதுவதானால் எழுதிவிட்டுப் போகட்டுமே. நேராகப் போய், "ஐயா, பாத்துடுங்க. எழுதுறதா இருந்தா எழுதிடுங்க. இப்படி உக்காந்து கொல்லாதீங்க" என்று சொல்லி வேட்டியில் கை வைத்தேன்.

"கையை எடும்" என்றார். குரல் கடுமையாக இருந்தது. "நான் இன்னும் பாக்கேல்லை."

நான் கையை எடுத்தேன். அவர் தகரக் கூரைக்கு மேலே வானத்தைப் பார்த்தார். "இண்டைக்கு நல்ல வெக்கை. மழை வராது" என்றார். அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசியது அதுதான் முதல் தடவை. இந்த நேரத்தில் வெயில் மழையைப் பற்றி ஒரு பேச்சா என்று நினைத்தேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான். கதவோரம் நின்ற அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "நீ போயி யாவாரத்தப் பாருடி" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

மூன்று மணிக் கிள்ளான் ரயில் போனது. அதன் புகை அடங்கியதும் அவர் எழுந்தார், தொப்பியை வைத்தார், "இப்ப எடும்" என்றார். வேட்டியை எடுத்தேன். முதல் பானையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாய்த்தார். அசையவில்லை, ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது கொஞ்சம் நடுங்கிற்று, ஆனால் நின்றது. நான்காவது பெரிய பானையைச் சாய்த்தார். அது ஓடிவிட்டது. ஓரம் தாண்டி அவருடைய வெள்ளைக் கால்சட்டையில் சிந்திற்று. துடைக்கக்கூட நிற்காமல், "நீலம் கொண்டு வாரும்" என்றார்.

இத்தனை நேரம் பொறுத்தவர் இதையும் விட்டுவிடுவார் என்று எனக்கு ஓர் ஆசை வந்திருந்தது. "மூணு பானைக்கு விட்டீங்க ஐயா, இதையும் விட்டுடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "மூண்டை நான் விடேல்லைப் பிள்ளை. அது தயிர். தயிருக்கு என்னட்டைச் சட்டம் இல்லை. இது பால். இதைக் குடிக்கிறது ஆர் எண்டு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது" என்றார். என் கை வராததால் அவரே பானையைத் தூக்கி வாளியில் ஊற்றி, அவரே நீலத்தைக் கரைத்தார். மற்ற நாட்களில் மிஞ்சுவது வாளியின் அடியை மறைத்தால் அதிகம். அன்றைக்குப் பாதி வாளி. அதை ஓடைக்குத் தூக்கிப் போகையில் அவர் நின்றுவிட்டார். பத்துமலையில் இரவு தங்கிய ஜனம் ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்தது. கசங்கின மஞ்சள் சேலையும் காலிக் குடமுமாகப் பெண்கள் நடந்து வந்தார்கள். அவர் வாளியைக் கடைக்குள் கொண்டுவந்து மூலையில் வைத்து, அதன்மேல் சாக்கைப் போட்டார். "பால்குடம் எடுத்ததுகளுக்கு முன்னாலை ஊத்தக் கூடாது. சனம் போய் முடியட்டும். விளக்கு வைச்ச பிறகு ஊத்தும்" என்றார். நான் ஊற்றுகிறேனா என்று பார்க்க அவர் நிற்கவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வாளி சாயங்காலம்வரை அங்கேயே இருந்தது. அந்த வளையம் அப்போது பிடித்ததுதான். விளக்கு வைத்த பிறகு நானே தூக்கிப் போய் ஊற்றினேன். அவர் போனதும் ஊற்றியிருக்கலாம். மனம் வரவில்லை.

தயிர் அன்று மாலைக்குள் தீர்ந்துவிட்டது. விரதம் முடித்த வீடுகளிலெல்லாம் தயிர் கேட்டார்கள். "சாமிக்கு ஆகாதது ஆசாமிக்கு ஆகும்" என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லி விற்றுக் கொடுத்தார். மானேஜருக்குப் பதில் சொல்ல முடிந்தது. இலாகாவிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு மிஞ்சுகிற பாலைக் காலையிலேயே உறை ஊற்றிவிடுவேன். பாலைவிடத் தயிர்தான் என் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது. கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன, எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பம் போயிற்று. என் வீட்டுக்காரர் கப்பலுக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு ரயில்வேயில் திரும்பக் கூப்பிட்டபோது போர்ட்டுப் பக்கம் வேலை கிடைத்து, நாங்கள் கிள்ளானுக்கு வந்துவிட்டோம்.

நாங்கள் கிள்ளானுக்கு வரும்வரை சங்கு ஐயா தினமும் வந்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சங்கு ஊதியதும், "பிள்ளை, இனி அது பால் இல்லை" என்பார். நான் வெறும் வாளியை நகர்த்துவேன். நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனால் நான்காவது பானை ஞாபகம் வந்து வாயை அடைத்துவிடும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பானை எனக்கு ஆறவில்லை. ஆனால் அவர் எதற்காக அவ்வளவு நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் கண் கலங்குகிறது. சங்குக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொள்கிற மனிதர், அன்றைக்குத் தன் நேரத்தை எல்லாம் தூக்கி என் பானைகள் உறையட்டும் என்று கொடுத்துவிட்டு, பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் மருமகள் மின்சார ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் பேத்திக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. "அத்தை, இந்தப் பாலு நேத்தோட முடிஞ்சிருச்சு. மூடியில போட்டிருக்கான். ரெண்டு பாட்டில் இருக்கு, ஊத்திடவா?" என்றாள். எழுந்து போனேன். பிள்ளையின் பால்புட்டியில் ஊற்றி வைத்திருந்ததை நானே எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன். வெள்ளையாக, வாசமாக, நல்ல பாலாகத்தான் இருந்தது. மற்ற இரண்டு பாட்டில்களையும் அவள் கையிலிருந்து வாங்கினேன். பானையில் ஊற்றிக் காய்ச்சி, ஆற வைத்து, உறை ஊற்றி, ஒரு துணியால் மூடினேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் அவள் வந்து, "உறைஞ்சிருச்சா அத்தை?" என்று துணியைத் தூக்கப் போனாள்.

"கைய எடும்மா" என்றேன். "நான் இன்னும் பாக்கல."